ஜர்னலுக்கு அனுப்புற பேப்பர்ல ரெஃபரன்ஸ் போடுறது எப்படி: புது ஸ்காலர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் முதல் பேப்பர் அனுப்பின நாலாவது நாளே திரும்பி வந்துச்சு. ரிவ்யூவர் கைக்கே போகல. ஆபீஸ்லயே யாரோ பாத்துட்டு, ரெஃபரன்ஸ் லிஸ்ட்ல 11-ம் 23-ம் ஒரே பேப்பர், 17 டெக்ஸ்ட்ல எங்கயுமே வரல, லிஸ்ட்டும் எங்க ஸ்டைல்ல இல்ல, சரி பண்ணி திரும்ப போடுங்கன்னு ரெண்டு வரி மெயில். இத்தனை வருஷம் லேப்ல கெடந்து செஞ்ச வேலை கமா புள்ளிக்காக திரும்பிடுச்சேன்னு முதல்ல கோவம்தான் வந்துச்சு, அப்புறம் உக்காந்து பாத்தா கமாவும் புள்ளியும் ஒரு மணி நேர வேலை, மீதி மூணு நாள் எதுல போச்சுன்னா தப்பான வருஷம், தப்பான பேஜ் நம்பர், ஒரே பேப்பர் ரெண்டு தடவை, ஊர் பேர் தெரியாத ஒரு பேப்பர், இதையெல்லாம் தேடித் தேடி திருத்துறதுல.

அதனால இங்க நான் முக்கியத்துவம் கொடுக்குற வரிசை கொஞ்சம் வேற மாதிரி இருக்கும். ஃபார்மேட் கடைசி. தகவல் முதல்ல. தகவல் சரியா இருந்தா ஃபார்மேட்டை மெஷின் போட்டுக் கொடுத்துடும், தகவல் தப்பா இருந்தா அதே மெஷின் ரொம்ப அழகா, ஒழுங்கா, சாய்வெழுத்தோட தப்பு பண்ணிக் கொடுக்கும்.

எந்த ஸ்டைல்னு கண்டுபிடிக்கிறது

ஜர்னல் சைட்ல "ஆத்தர் கைட்லைன்ஸ்"னு ஒரு பக்கம் இருக்கும், அதுல ரெஃபரன்ஸ் பகுதியை மட்டும் பிரிண்ட் எடுத்து பக்கத்துல வெச்சுக்கோங்க. அதோட நிறுத்தாம அந்த ஜர்னலோட லேட்டஸ்ட் இஷ்யூல ஒரு பேப்பரை டவுன்லோட் பண்ணி அதோட கடைசிப் பக்கத்தைப் பாருங்க. கைட்லைன்ஸ் பக்கம் எப்பவோ எழுதினதா இருக்கும், போன மாசம் அச்சான பேப்பர் பொய் சொல்லாது. ரெண்டும் ஒத்துப் போகலன்னா அச்சான பேப்பரை நம்புங்க, சந்தேகமா இருந்தா ஆபீஸுக்கு ஒரு மெயில் போடுங்க, பதில் போடுவாங்க.

பாக்க வேண்டியது: டெக்ஸ்ட்ல நம்பரா இல்ல பேரும் வருஷமுமா, நம்பர்னா அடைப்புக்குறிக்குள்ளயா இல்ல மேல சின்னதாவா, எத்தனை ஆத்தர் வரைக்கும் பேர் போடணும், ஜர்னல் பேரை சுருக்கணுமா முழுசா எழுதணுமா, டிஓஐ (பேப்பரோட நிரந்தர அடையாள நம்பர்) வேணுமா, மொத்தம் இத்தனை ரெஃபரன்ஸ்தான்னு ஏதாவது கணக்கு இருக்கா. கேஸ் ரிப்போர்ட், லெட்டர் மாதிரி சின்ன வகைகளுக்கு அந்தக் கணக்கு பெரும்பாலும் இருக்கும், கடைசியில போய் பாத்தா பாதியை வெட்ட வேண்டி வரும்.

ஸ்டைல்னு பாத்தா ஆயிரக்கணக்குல இருக்கு, ஆனா பெரிய குடும்பம்னு பாத்தா முக்கியமா ரெண்டு. ஒண்ணு பேர்-வருஷம் குடும்பம். ஹார்வர்டுனு சொல்லுவாங்க, 1881-ல ஹார்வர்டு யுனிவர்சிட்டியில எட்வர்ட் மார்க்னு ஒரு விலங்கியல் பேராசிரியர் தன் கட்டுரையில அப்படி எழுதினதுதான் ஆரம்பம்னு சொல்றது வழக்கம். சைக்காலஜி, கல்வியியல், சோஷியல் சயின்ஸ் பக்கம் ஓடுற ஏபிஏ இந்தக் குடும்பம்தான், இப்ப நடப்புல இருக்கறது 2019-ல வந்த 7-வது பதிப்பு. இன்னொண்ணு நம்பர் குடும்பம். மெடிக்கல் பக்கம் வான்கூவர், இன்ஜினியரிங் பக்கம் ஐஇஇஇ. வான்கூவர்னு பேர் வரக் காரணம், 1978-ல மெடிக்கல் ஜர்னல் எடிட்டர்கள் கொஞ்ச பேர் கனடாவுல வான்கூவர் ஊர்ல கூடி, ஒவ்வொரு ஜர்னலுக்கும் ஒவ்வொரு மாதிரி டைப் அடிச்சு ஆத்தர்கள் சாகுறாங்க, எல்லாரும் ஒரே மாதிரி கேப்போம்னு பேசி முடிவு பண்ணாங்க. அப்பல்லாம் டைப்ரைட்டர், ஸ்டைல் மாத்தணும்னா முழுசா திரும்ப அடிக்கணும். நமக்கு இப்ப ஒரு கிளிக்.

ஒரே பேப்பர், மூணு வேஷம்

நம்ம ஊருக்குப் பழக்கமான ஒரு பேப்பரையே எடுத்துப்போம். சர் சி. வி. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் 1928 மார்ச் 31 தேதியிட்ட நேச்சர் இதழ்ல போட்ட ரெண்டு பக்கக் குறிப்பு. நீங்க இங்கிலீஷ்ல டைப் பண்ணப் போறதைத்தான் தமிழ் எழுத்துல காட்டுறேன், புள்ளி, கமா, வரிசையை மட்டும் கவனிங்க.

வான்கூவர்ல:
ராமன் சிவி, கிருஷ்ணன் கேஎஸ். எ நியூ டைப் ஆஃப் செகண்டரி ரேடியேஷன். நேச்சர். 1928;121(3048):501-2.

ஏபிஏ-ல:
ராமன், சி. வி., & கிருஷ்ணன், கே. எஸ். (1928). எ நியூ டைப் ஆஃப் செகண்டரி ரேடியேஷன். நேச்சர், 121(3048), 501–502. (இதுக்கப்புறம் டிஓஐ முழு லிங்க்கா, கடைசியில புள்ளி இல்லாம.)

ஐஇஇஇ-ல:
சி. வி. ராமன் அண்ட் கே. எஸ். கிருஷ்ணன், "எ நியூ டைப் ஆஃப் செகண்டரி ரேடியேஷன்," நேச்சர், வால். 121, நம்பர் 3048, பேஜஸ் 501–502, மார்ச் 1928.

தகவல் ஒண்ணுதான். ரெண்டு ஆத்தர், தலைப்பு, ஜர்னல், வருஷம், வால்யூம் 121, இஷ்யூ 3048, பக்கம் 501-லிருந்து 502. வான்கூவர்ல இனிஷியலுக்கு நடுவுல புள்ளி கிடையாது, வருஷத்துக்கப்புறம் செமிகோலன், ஸ்பேஸ் விடாம வால்யூம், பேஜ் நம்பரை 501-2ன்னு சுருக்குவாங்க. ஏபிஏ-ல சுருக்கக் கூடாது, ஜர்னல் பேரும் வால்யூமும் சாய்வெழுத்து, ஆனா அடைப்புக்குள்ள இருக்கற இஷ்யூ நம்பர் நேரா இருக்கணும் (இதை கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பாத்தாதான் தெரியும், ஆனா பாக்குற எடிட்டர்கள் இருக்காங்க). ஐஇஇஇ-ல இனிஷியல் முன்னாடி, பேர் பின்னாடி, நம்ம ஊர்ல எழுதுற மாதிரியே, அதனால எனக்கு அது கொஞ்சம் பிடிக்கும்.

ஆத்தர் எண்ணிக்கைதான் அடுத்த சண்டை. ஏபிஏ 7-ல லிஸ்ட்ல 20 பேர் வரைக்கும் எல்லா பேரும் போடணும், 21 அல்லது அதுக்கு மேலன்னா முதல் 19 பேர், மூணு புள்ளி, கடைசி ஆள். டெக்ஸ்ட்ல மூணு பேர் இருந்தாலே முதல் தடவையிலிருந்தே "எட் அல்" (மற்றும் பலர்னு அர்த்தம்). அமெரிக்கன் மெடிக்கல் அசோசியேஷன் ஸ்டைல்ல 6 பேர் வரைக்கும் எல்லாரும், அதுக்கு மேலன்னா முதல் 3 பேரோட எட் அல். நேச்சர்ல 5 பேரைத் தாண்டினா முதல் ஆள் மட்டும்தான். 2015-ல ஹிக்ஸ் துகளோட நிறையைச் சொன்ன ஒரு இயற்பியல் பேப்பர்ல 5,154 ஆத்தர், 33 பக்கத்துல 24 பக்கம் பேர் லிஸ்ட்டே, எட் அல் இல்லன்னா அதை சைட் பண்றவன் (அதாவது ஆதாரமா காட்டுறவன்) கதி என்னன்னு யோசிங்க. எட் அல்-ல "எட்"டுக்கு அப்புறம் புள்ளி வராது, "அல்"லுக்கு அப்புறம்தான் வரும், ஏன்னா லத்தீன்ல எட் முழு வார்த்தை, அல் தான் சுருக்கம்.

இதையெல்லாம் மனப்பாடம் பண்ணாதீங்க. எதெது மாறும்னு தெரிஞ்சா போதும்.

சாஃப்ட்வேர்

கையால டைப் பண்ணி லிஸ்ட் போடுறவங்க இன்னும் இருக்காங்க, பத்து ரெஃபரன்ஸ்னா பரவால்ல. நாப்பதுக்கு மேல போனா பண்ணாதீங்க. ரிவ்யூவர் "இன்னும் ரெண்டு பேப்பர் சைட் பண்ணு"ன்னு சொல்லுவார், நீங்க இன்ட்ரோல 4-வது இடத்துல ஒண்ணை சொருகினா 5-லிருந்து 60 வரைக்கும் எல்லா நம்பரும் நகரும், டெக்ஸ்ட் பூரா தேடித் தேடி மாத்தணும், அன்னிக்குத்தான் தெரியும் அந்தக் கஷ்டம்.

நான் சொல்றது ஜோட்டெரோ, ரெஃபரன்ஸைச் சேத்து வெச்சு டெக்ஸ்ட்லயும் லிஸ்ட்லயும் தானா போட்டுக் கொடுக்குற சாஃப்ட்வேர். 2006-லிருந்து இருக்கு, ஜார்ஜ் மேசன் யுனிவர்சிட்டியில வரலாற்றுத் துறை ஆளுங்க ஆரம்பிச்சது, இலவசம், ஓப்பன் சோர்ஸ். பிடிஎஃப் ஏத்தி வைக்க 300 எம்பி சும்மா கொடுப்பாங்க, அதுக்கு மேல காசு, ஆனா ரெஃபரன்ஸ் தகவல் மட்டும் சிங்க் பண்ண கணக்கே இல்ல, பிடிஎஃப்பை உங்க கம்ப்யூட்டர்லயே வெச்சுக்கலாம். மெண்டலே, எண்ட்நோட் எல்லாமும் நல்லாத்தான் வேலை செய்யும், எண்ட்நோட்டுக்கு காசு கட்டணும், உங்க யுனிவர்சிட்டி லைப்ரரியில லைசென்ஸ் இருக்கான்னு கேளுங்க. ஒரே விஷயம், கைடு எதை யூஸ் பண்றாரோ அதையே யூஸ் பண்ணுங்க. ஒரே வேர்டு ஃபைல்ல நீங்க ஒரு சாஃப்ட்வேர் அவர் ஒரு சாஃப்ட்வேர்னு சைட்டேஷன் போட்டா ஒண்ணுக்கு இன்னொண்ணு தெரியாது, ரெண்டு லிஸ்ட் வரும், நம்பர் ரெண்டு ஓடும்.

இன்ஸ்டால் பண்ணதும் ரெண்டு இருக்கான்னு பாருங்க: பிரவுசர்ல ஜோட்டெரோ கனெக்டர், வேர்டுல ஜோட்டெரோ டேப். பேப்பர் பக்கத்தைத் திறந்து கனெக்டர் ஐகானை அமுக்கினா தகவல் உள்ள வந்துடும். அதை விட நல்ல வழி, மந்திரக்கோல் மாதிரி ஒரு பட்டன் இருக்கும், அதுல டிஓஐ போட்டா போதும், புக்குக்கு ஐஎஸ்பிஎன், மெடிக்கல் பேப்பருக்கு பப்மெட் நம்பரும் போடலாம். டிஓஐன்னா பேப்பரோட ஆதார் நம்பர்னு வெச்சுக்கோங்க, எப்பவும் 10-ன்னு ஆரம்பிச்சு ஒரு புள்ளி வரும், நேச்சர் பேப்பர்னா 10.1038. பப்ளிஷர் சைட்டையே மாத்தினாலும் டிஓஐ மாறாது, வெறும் லிங்க் செத்துப் போகும்.

கூகுள் ஸ்காலர்ல "சைட்"னு ஒரு பட்டன் இருக்கு, எல்லாரும் அதை காப்பி பண்ணி ஒட்டுறாங்க. அவசரத்துக்கு ஓகே. ஆனா ப்ரீபிரிண்ட்டை (ஜர்னல்ல வர்றதுக்கு முன்னாடி ஆன்லைன்ல போட்ட காப்பியை) பப்ளிஷ் ஆன பேப்பர்னு காட்டும், இஷ்யூ நம்பரை விட்டுடும், புக் சாப்டரை ஜர்னல் கட்டுரை மாதிரி எடுத்துக் கொடுக்கும். ஒட்டினாலும் ஒவ்வொண்ணையும் ஒரிஜினலோட ஒப்பிடணும்.

லேடெக்ல எழுதுறவங்களுக்கு இது வேற கதை, பிப்டெக் ஃபைல் தான் உங்க லைப்ரரி. ஜோட்டெரோலயிருந்தே அந்த ஃபைலை எக்ஸ்போர்ட் பண்ணலாம். அதுல ரெண்டு தப்பு எல்லாரும் பண்ணுவாங்க: ஆத்தர்களுக்கு நடுவுல கமா போடுறது (ஒவ்வொருத்தருக்கும் நடுவுல "அண்ட்" வரணும்), தலைப்புல டிஎன்ஏ மாதிரி பெரிய எழுத்து வார்த்தையை வளைந்த அடைப்புக்குள்ள போடாம விடுறது, போடலன்னா பல ஸ்டைல்ல சின்ன எழுத்தாகி அசிங்கமா நிக்கும்.

சுத்தம் பண்றது. இங்கதான் உசுரு

பேப்பரை சேக்கும்போதே, சாயங்காலம் டீ குடிக்கிற நேரத்துல அன்னிக்கு சேத்த நாலஞ்சை மட்டும் சரி பாத்துடுங்க. உலை கொதிக்கும்போது அரிசி தேடுற மாதிரி கடைசி நாள் ராத்திரி அறுபதையும் திறந்து உக்காந்தா முடியாது.

என்ன பாக்கணும். தலைப்பு எல்லாமே பெரிய எழுத்துல வந்திருக்கான்னு பாருங்க, பழைய பேப்பர்கள்ல அப்படித்தான் வரும். ஏபிஏ, வான்கூவர் ரெண்டுலயும் கட்டுரைத் தலைப்பு சென்டன்ஸ் கேஸ், அதாவது முதல் வார்த்தையோட முதல் எழுத்தும் ஊர் பேர், ஆள் பேரும் மட்டும் பெரிய எழுத்து. ஜோட்டெரோல தலைப்பு மேல ரைட் கிளிக் பண்ணா சென்டன்ஸ் கேஸாக்குற வசதி இருக்கு, ஆனா அது சில நேரம் இண்டியாவையும் சின்ன எழுத்தாக்கிடும், ஒரு தடவை பாருங்க. உயிரியல் பேர் இருந்தா சாய்வெழுத்து வேணும், அதுக்கு தலைப்புலயே அந்த ரெண்டு வார்த்தைக்கு முன்னயும் பின்னயும் ஹெச்டிஎம்எல் சாய்வு டேக் போட்டா லிஸ்ட்ல சரியா வரும்.

நிறுவனம் ஆத்தரா இருந்தா கவனம். உலக சுகாதார நிறுவனத்தோட அறிக்கையை சேத்தீங்கன்னா சாஃப்ட்வேர் அதை ஒரு மனுஷன்னு நெனச்சுக்கிட்டு ஆர்கனைசேஷன் அவர் பேரு, வேர்ல்டு ஹெல்த் அவரோட இனிஷியல்னு முடிவு பண்ணி "ஆர்கனைசேஷன் டபிள்யூ.எச்."னு அச்சடிக்கும். சிரிக்காதீங்க, பப்ளிஷ் ஆன பேப்பர்லயே இதைப் பாக்கலாம். ஆத்தர் கட்டத்துக்குப் பக்கத்துல ஒரு சின்ன பட்டன் இருக்கும், அதை அமுக்கி ரெண்டு கட்டத்தை ஒரே கட்டமாக்கிட்டு முழுப் பேரையும் அதுல போடுங்க.

பேஜ் நம்பர் இல்லன்னா பதறாதீங்க. ஆன்லைன் மட்டும் வர்ற ஜர்னல்கள்ல, பிளாஸ் ஒன் மாதிரி, பக்கமே கிடையாது, அதுக்குப் பதிலா ஒரு கட்டுரை நம்பர் இருக்கும், பேஜ் இடத்துல அதைப் போடணும். பிடிஎஃப்ல 1-லிருந்து 14-ன்னு இருக்கறதை பேஜ் நம்பர்னு போடுறது தப்பு.

ஜர்னல் பேர் சுருக்கம் நம்மளா கண்டுபிடிக்கிறது இல்ல. மெடிக்கல், லைஃப் சயின்ஸ் ஜர்னல்னா அமெரிக்காவுல இருக்கற நேஷனல் லைப்ரரி ஆஃப் மெடிசின் கேட்டலாக்ல தேடினா அதோட சரியான சுருக்கம் கிடைக்கும். ஒரே வார்த்தைப் பேரை சுருக்கக் கூடாது, நேச்சர் நேச்சர்தான், சயின்ஸ் சயின்ஸ்தான்.

டூப்ளிகேட். ஒரு பேப்பரை ஜனவரியில ஒரு தடவையும் ஜூன்ல ஒரு தடவையும் சேத்திருப்பீங்க, சாஃப்ட்வேருக்கு அது ரெண்டு பேப்பர், லிஸ்ட்ல ரெண்டு நம்பர். எனக்கு 11-ம் 23-ம் அப்படித்தான் வந்துச்சு. டூப்ளிகேட் ஐட்டம்ஸ்னு தனியா ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுல போய் மெர்ஜ் கொடுங்க, ஒண்ணை டெலீட் பண்ணாதீங்க, டெலீட் பண்ணா டெக்ஸ்ட்ல ஏற்கனவே போட்ட சைட்டேஷன் அனாதையாயிடும்.

நம்ம பேர், அவங்க கட்டம்

இது தனியா சொல்ல வேண்டிய சமாச்சாரம். வெள்ளைக்காரங்க ஸ்டைல் எல்லாமே எல்லாருக்கும் குடும்பப் பேர் ஒண்ணு உண்டுங்கற நம்பிக்கையில எழுதினது. நமக்கு அது கிடையாது. இனிஷியல்னா அப்பா பேரு, சில சமயம் ஊர் பேரும் சேந்து வரும். செல்வின்னு ஒரு ஸ்காலர், அப்பா பேரு கந்தசாமின்னு வெச்சுக்குவோம். பேப்பர்ல "க. செல்வி"ன்னு போட்டா ரெஃபரன்ஸ்ல "செல்வி கே"ன்னு வரும், அது சரி. ஆனா சப்மிஷன் ஃபார்ம்ல லாஸ்ட் நேம் கட்டாயம்னு கேட்டதும் அங்க கந்தசாமின்னு போட்டுட்டா உலகம் பூரா "கந்தசாமி எஸ்"னு சைட் பண்ணும், அப்பா பேர்ல பேப்பர் ஓடும், பாவம் அவருக்கே தெரியாது.

அடுத்தவங்க பேப்பரை சைட் பண்ணும்போது நமக்கு அவரைத் தெரியும்னு பேரை நாமளா திருத்தக் கூடாது. பப்ளிஷ் ஆன பேப்பர்லயும் பப்மெட் மாதிரி டேட்டாபேஸ்லயும் எப்படி இருக்கோ அப்படியே போடணும், இல்லன்னா தேடுறவனுக்கு கிடைக்காது. சொந்தப் பேர்ல மட்டும் முதல் பேப்பர்லயே ஒரு முடிவு எடுத்துட்டு சாகுற வரைக்கும் அதையே பிடிச்சுக்கோங்க. கூடவே ஆர்கிட் நம்பர் ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க, 2012-லிருந்து இலவசமா கொடுக்குறாங்க, 16 இலக்கம், பேர் எப்படி உடைஞ்சாலும் ஆள் ஒண்ணுதான்னு அது சொல்லும்.

டெக்ஸ்ட்ல போடும்போது

வேர்டுல ஜோட்டெரோ டேப்ல "ஆட் சைட்டேஷன்" கொடுத்து ஸ்டைலைத் தேர்ந்தெடுங்க. 10,000-க்கு மேல ஸ்டைல் இருக்கு, பெரும்பாலும் உங்க ஜர்னல் பேரே இருக்கும். இல்லன்னா லேட்டஸ்ட் இஷ்யூவைப் பாத்து அதுக்கு நெருக்கமானதை எடுங்க. ஜர்னல் மாறினா டாக்குமென்ட் ப்ரிஃபரன்ஸ்ல ஸ்டைலை மாத்தினா முழு பேப்பரும் தானா மாறும். ரிஜெக்ட் ஆகி அடுத்த ஜர்னலுக்கு ஓடுற அன்னிக்கு இதோட அருமை தெரியும்.

எழுதும்போது ஒரே வாக்கியத்துல ரெண்டு மூணு விஷயம் சொன்னா கடைசியில கொத்தா [4–9]னு தட்டாதீங்க, எது எதுக்கு ஆதாரம்னு தெரியாது. அந்தந்த விஷயத்துக்குப் பக்கத்துல அதது நம்பர். ஏபிஏ-ல அடைப்புக்குள்ள வந்தா & குறி, வாக்கியத்துல வந்தா "அண்ட்". ஒரே ஆத்தர் ஒரே வருஷத்துல ரெண்டு பேப்பர் போட்டிருந்தா வருஷத்துக்குப் பக்கத்துல ஏ, பி-ன்னு வரும், அதை சாஃப்ட்வேரே போட்டுக்கும், நீங்க கை வைக்காதீங்க. நேர்ல பேசினது, மெயில்ல சொன்னது எல்லாம் ஏபிஏ-ல டெக்ஸ்ட்ல மட்டும்தான் வரும், லிஸ்ட்ல வராது.

டேபிள்ல இருக்கற சைட்டேஷன் பெரிய தலைவலி. மெடிக்கல் ஜர்னல் எடிட்டர்கள் கமிட்டி விதிப்படி, டேபிள்ல மட்டும் வர்ற ரெஃபரன்ஸுக்கு நம்பர் எதை வெச்சுன்னா அந்த டேபிள் டெக்ஸ்ட்ல முதல்ல எங்க குறிப்பிடப்படுதோ அந்த இடத்தை வெச்சு. ஆனா நிறைய ஜர்னல் டேபிளை ஃபைலோட கடைசியில வைக்கச் சொல்லும், சாஃப்ட்வேர் கடைசியில இருக்கறதைப் பாத்துட்டு 48, 49-ன்னு நம்பர் கொடுத்துடும். நான் பண்றது என்னன்னா, எழுதி முடிக்கிற வரைக்கும் டேபிளை டெக்ஸ்ட்ல அது முதல்ல வர்ற பத்திக்குக் கீழயே வெச்சிருப்பேன், நம்பர் சரியா விழுந்ததும் கடைசி காப்பியில சாஃப்ட்வேரோட இருக்கற லிங்க்கை அறுத்துட்டு அப்புறம்தான் டேபிளைப் பின்னாடி நகத்துவேன்.

லிஸ்ட்ல தப்பு தெரிஞ்சா லிஸ்ட்டுலயே கையால திருத்தாதீங்க. அடுத்த ரெஃப்ரெஷ்ல பழைய தப்பு திரும்ப வந்து உக்காந்துக்கும். லைப்ரரியில திருத்துங்க.

தமிழ் நூலை இங்கிலீஷ் ஜர்னல்ல சைட் பண்ணணும்னா

தமிழ், வரலாறு, சமூகவியல் பக்கம் இருக்கறவங்களுக்கு இது தினப்படி வேலை. ஏபிஏ-ல தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்துல ஒலிபெயர்த்து, பக்கத்துல சதுர அடைப்புல இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு கொடுக்கணும். ஒலிபெயர்ப்புல ஏதாவது ஒரு முறையை எடுத்துக்கோங்க, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் முறையை தமிழியல் ஜர்னல்கள் விரும்பும். ஒரு இடத்துல லெக்சிகன், இன்னொரு இடத்துல நாம சாட்டிங்ல டைப் பண்ற மாதிரின்னு கலந்தா அதுதான் பிரச்சனை.

சில நூல்கள்ல திருவள்ளுவர் ஆண்டு மட்டும் போட்டிருப்பாங்க, அதுல 31 கழிச்சா ஆங்கில ஆண்டு, 2055-ன்னா 2024. செவ்வியல் நூல்னா பேஜ் நம்பரை விட பாட்டு நம்பர்தான் உதவும், குறள் 391-ன்னு சொன்னா எந்தப் பதிப்பை வெச்சிருக்கறவனும் எடுத்துடுவான். ஆனா உரையாசிரியர் சொன்னதை மேற்கோள் காட்டினா எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம்னு சொல்லியே ஆகணும்.

பேய் ரெஃபரன்ஸ்

இல்லாத பேப்பரை சைட் பண்றது இப்ப வந்ததுன்னு நெனைக்காதீங்க. ஒரு பெரிய பப்ளிஷர் தன்னோட ஆத்தர் கைட்லைன்ஸ்ல ரெஃபரன்ஸ் இப்படி இருக்கணும்னு மாதிரிக்கு ஒரு கற்பனைப் பேப்பரைப் போட்டிருந்தாங்க, அறிவியல் கட்டுரை எழுதும் கலைன்னு தலைப்பு, 2000-ம் வருஷம்னு போட்டு. டெம்ப்ளேட்டை அழிக்காம விட்டவங்க, பக்கத்தாளோட லிஸ்ட்டைப் பாத்து காப்பி அடிச்சவங்கன்னு அந்த இல்லாத பேப்பர் கிட்டத்தட்ட 400 தடவை சைட் ஆகியிருக்கு, 2017-ல இது வெளிய வந்துச்சு. 2003-ல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரே அச்சுப்பிழை எப்படி பேப்பருக்கு பேப்பர் பரவுதுன்னு கணக்கு போட்டு, சைட் பண்றவங்கள்ல சுமார் 20 சதவீதம் பேர்தான் ஒரிஜினலைப் படிக்கிறாங்கன்னு சொன்னாங்க. நம்மில் யாரும் அந்த 80-ல இல்லன்னு நானும் நம்புறேன்.

இப்ப ஏஐ சாட்பாட் வேற. கேட்டா டக்குன்னு பத்து ரெஃபரன்ஸ் கொடுக்கும், ஆத்தர் பேர் நிஜம், ஜர்னல் நிஜம், பேப்பர் மட்டும் கிடையாது. நியூயார்க்ல 2023-ல வக்கீல்கள் அப்படி வந்த இல்லாத வழக்குகளை கோர்ட்ல காட்டி 5,000 டாலர் அபராதம் கட்டினாங்க. நமக்கு அபராதம் இல்ல, மானம் போகும். ஒவ்வொரு டிஓஐயையும் கிளிக் பண்ணி அதே பேப்பர்தான் திறக்குதான்னு பாருங்க, அறுபது ரெஃபரன்ஸுக்கு ஒரு மணி நேரம் ஆகும். டிஓஐ தெரியலன்னா க்ராஸ்ரெஃப்னு டிஓஐ பதிவு பண்ற அமைப்போட சைட்ல ரெஃபரன்ஸை அப்படியே ஒட்டித் தேடலாம்.

அப்படியே பேப்பர் ரிட்ராக்ட் ஆகியிருக்கான்னும் (ஜர்னலே அதை வாபஸ் வாங்கியிருக்கான்னும்) பாத்துடுங்க. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சு போட்ட 1998 லான்செட் பேப்பரை 2010-ல ரிட்ராக்ட் பண்ணாங்க, அது தெரியாம ஆதாரமா காட்டினா ரிவ்யூவர் அதுக்கு மேல படிக்க மாட்டார். ரிட்ராக்ட் ஆன ஐட்டத்துக்கு ஜோட்டெரோ தானா சிவப்பு எச்சரிக்கை காட்டும். ரிட்ராக்ட் ஆனதைப் பத்தியே எழுதுறீங்கன்னா சைட் பண்ணலாம், ரிட்ராக்ட் ஆனதுன்னு லிஸ்ட்லயே குறிக்கணும். ப்ரீபிரிண்ட்டா சேத்த பேப்பர் இடைப்பட்ட காலத்துல ஜர்னல்ல வந்திருந்தா அதை மாத்துங்க.

அனுப்புறதுக்கு முன்னாடி

பேப்பரை பிரிண்ட் எடுங்க. ஸ்க்ரீன்ல கண்ணு ஏமாத்தும். ஒரு பேனாவை வெச்சு டெக்ஸ்ட்ல வர்ற ஒவ்வொரு நம்பரையும் லிஸ்ட்ல டிக் பண்ணிட்டே வாங்க, டிக் விழாதது எது, ரெண்டு தடவை வர்றது எதுன்னு தெரிஞ்சுடும். பேர்-வருஷம் ஸ்டைல்னா டெக்ஸ்ட்ல 2018, லிஸ்ட்ல 2019-ன்னு இருக்கும், பெரும்பாலும் கையால டைப் பண்ண இடமா இருக்கும்.

சில ஜர்னல் முதல் தடவை எந்த ஸ்டைல்ல வேணாலும் அனுப்பு, ஒரே மாதிரி இருந்தா போதும், அக்செப்ட் ஆனா மாத்திக்கலாம்னு சொல்லும். அப்படி இருந்தா ஸ்டைலுக்கு மெனக்கெடாதீங்க, தகவலை மட்டும் பாத்துட்டு அனுப்புங்க.

ஃபைலை ரெண்டு காப்பி வெச்சுக்கோங்க. ஒண்ணு லிங்க் உயிரோட இருக்கறது, அது உங்களுக்கு. இன்னொண்ணு "அன்லிங்க் சைட்டேஷன்ஸ்" கொடுத்து வெறும் டெக்ஸ்ட்டாக்கினது, அது ஜர்னலுக்கு. அறுத்தா திரும்ப ஒட்டாது, அதனால ஒரிஜினல்ல பண்ணிடாதீங்க, ரிவிஷன் வரும்போது உயிருள்ள காப்பிதான் வேணும்.

அக்செப்ட் ஆனப்புறமும் ஒரு ரவுண்டு இருக்கு. ப்ரூஃப் (வெளியிடுறதுக்கு முன்னாடி சரி பாக்க அனுப்புற காப்பி) வரும், ரெண்டு நாள் டைம் கொடுப்பாங்க, ஓரத்துல கேள்வி கேள்வியா இருக்கும்: 14-க்கு வால்யூம் நம்பர் தரவும், 31 இப்போது வெளியாகிவிட்டதா, இந்த ஆத்தர் பேர் ஸ்பெல்லிங் சரிதானா. டைப்செட்டர் உங்க லிஸ்ட்டை க்ராஸ்ரெஃப்போட ஒப்பிட்டு தானாவே சிலதை மாத்தியும் இருப்பார், மாத்தினது சில நேரம் வேற பேப்பரா போயிருக்கும். எல்லா கேள்விக்கும் பதில் போட்டுட்டு, அவர் கேள்வி கேக்காத ரெஃபரன்ஸ்லயும் அஞ்சாறை எடுத்து டிஓஐயைத் தட்டிப் பாத்துட்டு ப்ரூஃபைத் திருப்பி அனுப்புங்க.